தேயிலை மலையில் ஏழு நாள் பள்ளிக்கூடம்

(நமது பாலக்காடு நிருபர்)

மே மாதம் பிறந்துவிட்டால் பாலக்காடு ஜங்ஷனில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருப்பதில்லை. ஊருக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பழனிக்குப் போகிறவர்கள் என்று ஜன்னலில் வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த நாளில் லீவு கேட்கும் குமாஸ்தாவை மேலதிகாரி ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். கடந்த மே மாதம் நான் ஏழு நாள் லீவு கேட்டேன்.

"என்னய்யா, வீட்டில் விசேஷமா?"

"இல்லை சார். மூணாறுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறேன்."

"மே மாதத்தில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது?"

நியாயமான கேள்விதான். கேரளத்தில் ஏப்ரலும் மேயும் பள்ளிகளுக்குப் பூட்டு. ஜூன் பிறந்தால் மழையும் பள்ளியும் சேர்ந்து தொடங்கும். ஆனால் விடுமுறையில் மட்டும் நடக்கிற பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. கிறிஸ்தவ சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி அது. வி.பி.எஸ். என்று சொன்னால் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு உடனே புரியும். பாட்டு, கதை, வண்ணக் காகித வேலை, கடைசி நாளில் நிகழ்ச்சி, மிட்டாய்.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று வீடு தள்ளி இருக்கும் நண்பரின் மகன் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். லூத்தரன் சபைக் குடும்பம். அவனும், அங்குள்ள கல்லூரிகளில் படிக்கும் சபை மாணவ மாணவியர் ஏழு பேரும் மூணாறுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் ஒரு வாரம் இந்தப் பள்ளியை நடத்தப் போவதாகச் சொன்னான். "நானும் வரட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். செய்திக்காகப் போனேன் என்றால் அது பாதி உண்மை. மறு பாதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் இன்னமும் தபால் கார்டுதான் எழுதுவாள். போன் பேசினாலும் மாதம் ஒரு கார்டு வந்துவிடும். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆச்சி என்ன எழுதியிருக்கா, நீங்களே வாசிங்கப்பா" என்று என்னிடம் கொடுப்பாள். மலையாளப் பத்திரிகையை அவள் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பாள். வாய் நிறையத் தமிழ் பேசுவாள். எழுத்து மட்டும் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஷிப்டு டூட்டி, அலுப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. இந்தப் பதிப்பை வாசிக்கும் எத்தனையோ வீடுகளில் இதுதான் கதை என்பதை நான் அறிவேன்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில். மீட்டர் கேஜாக இருந்த இந்தப் பாதையை அகலப் பாதையாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்து 2015-இல்தான் முடிந்தது. அதுவரை பட்ட பாட்டை இந்தப் பகுதித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை. அங்கே கோயமுத்தூர்ப் பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு மூணாறு பஸ். சின்னாறு சோதனைச் சாவடி தாண்டினால் கேரளம், மறையூர்ச் சந்தனக் காடு, அதற்கு மேல் ஏற ஏறத் தேயிலை. பஸ்ஸில் ரயில்வே பாஸ் செல்லாது என்பது எனக்கு ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், இந்த மலையில் ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை தேயிலை சுமந்த அந்தச் சின்ன ரயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அப்புறம் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

சும்மா கிடந்த மூன்று

எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். லயங்கள் நான்கு வரிசை, ஒரு கடை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சின்ன ஆலயம். ஆலயம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. 1947-இல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது லூத்தரன்கள் அதில் சேரவில்லை, தனியாகவே இருந்துவிட்டார்கள். மலையில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சாவியைக் கொடுத்து, படுக்கப் பாயும் கொடுத்து, முதல் நாள் இரவுச் சாப்பாட்டையும் லயத்துப் பெண்களே போட்டார்கள்.

இந்த விடுமுறைப் பள்ளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1898-இல் நியூயார்க் நகரின் ஏழைகள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைப் பார்த்துப் பொறுக்காத ஓர் அம்மையார், இடம் கிடைக்காமல் ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து ராபர்ட் போவில் என்ற பாதிரியார் அதையே பெரிய திட்டமாக்கினார். கோடையில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், ஆலயங்கள் சும்மா பூட்டிக் கிடக்கின்றன, கல்லூரி மாணவர்களும் சும்மா இருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்பது அவர் கணக்கு. மாணவர்களை வாத்தியார்களாக்கி அனுப்பினார். கணக்கு சரியாகத்தான் வந்தது.

லூத்தரன் சபையார் கல்லூரி மாணவர்களுக்கென்று முழுநேரப் போதகரை வைக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1907-இல் அந்த வேலை ஆரம்பமாயிற்று. 1922-இல் அங்கே லூத்தரன் மாணவர் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தார் பல ஆண்டுகள் தங்கள் கோடைக் கூட்டத்துக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'ஆசிரமம்'! கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வடஆற்காட்டுத் திருப்பத்தூரில் 1921-இல் ஜேசுதாசன், பாற்றன் என்ற இரு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். வடக்கே சாத்தாலில் 1930-இல் ஸ்டான்லி ஜோன்ஸ் ஓர் ஆசிரமம் வைத்து, பிறகு அந்த வழக்கத்தை அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார். நம் சொல் அப்படிக் கடல் தாண்டிப் போயிருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதை எப்படி உச்சரித்தார்களோ!

யாருக்கு யார் வாத்தியார்?

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எண்பது பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் நெற்றியில் விபூதி இருந்தது. மதம் மாற்றும் வேலையோ என்று எங்கள் ஆபீசில் ஒருவர் கேட்டிருந்தார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, கொழுந்துப் பையை முதுகில் மாட்டியபடி மகனை விட்டுப்போக வந்த ஒரு தாயிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நாங்க மலைக்குப் போயிட்டா புள்ளைங்க தனியா கெடக்கும். யானை வேற இறங்குது. இங்க இருந்தா ஒரு இடத்துல இருக்குல்ல" என்றார். கொழுந்து எடை குறைந்தால் கூலியில் தெரியும். லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவரால் முடியாது.

முதல் நாள் பாட்டிலும் விளையாட்டிலும் போயிற்று. இரண்டாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாணவன் கையில் செல்போன் வைத்துக்கொண்டு பாடினான். எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. அடுத்து மனப்பாட வசனம். சபையில் அச்சடித்துக் கொடுத்த பெரிய அட்டையைச் சுவரில் மாட்டினார்கள். அது தமிழ் எழுத்து. வாசிக்க எழுந்த மாணவன் முதல் வரியிலேயே திணறினான். 'வாழ்வு' என்ற சொல்லில் நின்றுவிட்டான். முன்வரிசையில் இருந்த நாலாம் வகுப்புச் சிறுமி, பொறுக்க முடியாமல் எழுந்து, "அண்ணே, அது 'ழ்'" என்று சொல்லி, அட்டை முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாணவனுக்குக் காது சிவந்துவிட்டது.

அன்றிரவு சிம்னி விளக்குப் போல மங்கிய பல்பின் கீழே உட்கார்ந்து விசாரித்தேன். எட்டுப் பேரில் ஐந்து பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எல்லாரும் ஆங்கில மீடியம். பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சிலர் பிரெஞ்சு எடுத்திருக்கிறார்கள், மார்க் வருமாம். தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்! பாலக்காட்டில் என் மகள் நிலைமைக்கு நான் கேரளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்தச் சாக்கும் போயிற்று.

எஸ்டேட் பிள்ளைகளோ அரசுத் தமிழ்ப் பள்ளியில் படிப்பவர்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்களைவிட அவர்கள் தமிழ் நன்றாக வாசிக்கிறார்கள்.

மணலில் எழுதியவர்

இந்தச் சபையின் ஆரம்பமே இப்படித்தான் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்க் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்துநாலு. ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரச்சொன்னார். பிள்ளைகளுக்கு நடுவில் தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். அப்படிப் படித்தவர்தான் அச்சுக்கூடம் வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். 1719-இல், நாற்பது வயது ஆகுமுன்பே இறந்துபோனார்.

நம் பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. மலையாளிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் டாக்டர் குண்டர்ட் 1836-இல் மதராசில் இறங்கித் தமிழைப் படித்து, திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்த பிறகுதான் மலபாருக்கு வந்தார். 1872-இல் வெளியான அவருடைய மலையாள அகராதி இன்றைக்கும் பேசப்படுகிறது. அவர் சேர்ந்திருந்த பாசல் மிஷன்தான் பாலக்காட்டில் பள்ளியும், ஒலவக்கோட்டில் ஓட்டுத் தொழிற்சாலையும் வைத்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும், இது லூத்தரன் சமாசாரம் அல்ல, ஆனால் கேரளத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சான புத்தகம் 1578-இல் அச்சானது கொல்லத்தில். அது இன்றைய கேரளம்.

சீகன்பால்க் கதையை அன்றிரவு நான் சொன்னேன். குழுவுக்குத் தலைமையாக வந்த எம்.எஸ்.ஸி. மாணவி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானக் காகித வேலையை ரத்து செய்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் வாத்தியார்கள், அண்ணன்மாரும் அக்காமாரும் மாணவர்கள் என்று அறிவித்தாள். ஆலயத்துச் சிமெண்டுத் திண்ணையில் சாக்குக்கட்டியால் எழுதுவது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. 'ண', 'ன', 'ந' மூன்றையும் வைத்து ஒரு பொடியன் இன்ஜினீயரிங் மாணவனைப் படுத்தின பாடு இருக்கிறதே! தப்பு எழுதினால் தலையில் குட்டு என்று சட்டமும் போட்டான். எங்கள் குவார்ட்டர்ஸ் பையன் மட்டும் பதினொரு குட்டு வாங்கினான். நான் எண்ணினேன்.

நான்காம் நாள் ஒரு சறுக்கல். கதை சொன்ன ஒரு மாணவன் உற்சாகத்தில், கல்லைக் கும்பிடுகிறவர்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். விபூதி பூசிய ஒரு பையன் எழுந்து வெளியே போனான். அவன் பின்னாலேயே இன்னும் நாலு பேர். சாயங்காலம் அவன் தாய் ஆலய வாசலுக்கு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எங்க ஆத்தா கோயில் திருவிழாவுக்கு உங்க ஆளுங்களும்தானே வந்து வேலை செய்யுறாங்க" என்றார். தலைமை மாணவி இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அவர் லயத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டு, கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்தப் பையன் வந்தான். கதை சொன்னவன் மிச்ச நாட்களில் வாளி தூக்கும் வேலையோடு நிறுத்திக்கொண்டான். இந்த மாதிரி ஊர்களுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

நடுவில் நிற்கிற இங்கிலீஷ்

ஐந்தாம் நாள் மழை. அன்று அந்த எஸ்டேட் பள்ளியின் தமிழ் ஆசிரியை தேடி வந்தார். "இந்தப் புள்ளைங்க நல்லா வாசிக்குதுன்னு சந்தோஷப்படுறீங்க. கடைசி செட்டு சார் இது" என்றார்.

சொன்னது இதுதான். 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் பெரிய போராட்டத்துக்குப் பிறகும் கேரளத்தோடு நின்றன. தமிழ் மீடியம் பள்ளிகள் தொடர்ந்தன. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். நம் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் போய்த் தமிழை மேலே படிக்கவும் வழி இருக்கிறது. 2017-இல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கற்பிப்பது கட்டாயமாயிற்று. அதில் அந்த ஆசிரியைக்கு வருத்தம் இல்லை. இருக்கிற ஊரின் மொழி தெரியாமல் எப்படிப் பிழைப்பது என்றார். அவர் பயம் வேறு. பெற்றோர் பிள்ளைகளைத் தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் சேர்த்தே எடுத்து, ஜீப் ஏற்றி, டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கூலியில் பெரும்பகுதி அந்த ஜீப்புக்கும் பீசுக்கும் போகிறது.

ஏன் என்று ஒரு தகப்பனாரிடம் கேட்டேன். தேயிலை பேக்டரியில் வேலை. சொந்த ஊர் கயத்தாறுப் பக்கம். பாட்டன் காலத்தில் கங்காணி கூட்டி வந்த குடும்பம். "தமிழ் படிச்சா இங்க வேலை இல்ல. மலையாளம் படிச்சா, நாளைக்கு ஊருக்குப் போனா வேலை இல்ல. இங்கிலீஷ்தான் சார் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது." ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஊரில் வீடு கிடையாது. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்களை லயத்தோடு மூடியபோது அவர் உறவிலும் போனவர்கள் உண்டு. மழைக்காலம் வந்தால் ராத்திரி தூக்கம் இல்லை என்றார். பிள்ளையை எப்படியாவது இந்த மலையை விட்டு இறக்கிவிட வேண்டும் என்று நினைக்கிற மனிதரிடம் போய்த் தாய்மொழிப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மகளை மலையாள மீடியத்தில் சேர்த்த நான் எந்த முகத்தோடு பேசுவது?

ஆனால் ஆசிரியை விடவில்லை. எழுத்துத் தெரிந்த பிள்ளை எந்த மீடியத்துக்குப் போனாலும் எழுத்து கூடவே போகும், அதற்கு வீட்டில் தினம் அரைமணி போதும் என்று அவரிடம் நேராகவே சொன்னார். அந்தத் தகப்பனாரும் "பார்ப்போம் டீச்சர்" என்றார். இந்தப் 'பார்ப்போம்' எந்த ரகம் என்று எனக்குத் தெரியும், நானே ஏழு வருஷமாகச் சொன்னதுதான்.

கடைசி நாள் நிகழ்ச்சிக்கு லயம் முழுவதும் வந்தது. பாட்டு, நாடகம் எல்லாம் வழக்கம்போல. நடுவில் ஒரு புது ஐட்டம் சேர்த்திருந்தார்கள். ஐந்து கல்லூரி மாணவர்களும் மேடை ஏறி, ஒவ்வொருவரும் தமிழில் ஒரு பத்தி வாசித்தார்கள். பிள்ளைகள் கீழே உட்கார்ந்து தப்பு எண்ணினார்கள். மிட்டாயைக் கொடுத்தது மாணவர்கள். மார்க் போட்டது பிள்ளைகள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் யாருக்கும் போடவில்லை.

புறப்படும்போது ஆசிரியையிடம் ஒன்றாம் வகுப்பில் ஜூனில் எத்தனை பேர் சேருவார்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு கை போதுமானதாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் அடுத்த மே மாதமும் வருவார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். தலைமை மாணவிக்கு அடுத்த வருஷம் படிப்பு முடிந்து எங்கோ வேலை. "நான் வர முடியாது மேடம். இவங்களை அனுப்புறேன்" என்றாள். அந்த வாக்கை இங்கே எழுதி வைக்கிறேன், எழுத்தில் இருந்தால் மறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

உடுமலையில் மற்றவர்கள் இறங்கிக் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். நானும் குவார்ட்டர்ஸ் பையனும் பொள்ளாச்சி வந்து பாலக்காட்டு ரயிலைப் பிடித்தோம். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணில் படும் கடைப் பெயர்களை எல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தான். ஆனைமலை ரோடு ஸ்டேஷன் பலகையை வண்டி வேகம் எடுப்பதற்குள் வாசித்துவிட்டான். கொல்லங்கோடு தாண்டி, வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"ஆச்சிகிட்டேருந்து கார்டு வந்திருக்குப்பா. மேஜையில வச்சிருக்கேன்."

"இருக்கட்டும். சாக்குக்கட்டி இருக்கா வீட்டில?"